பாய்லருக்கு கரியா, லிக்னைட்டா, பிரிக்கெட்டா, கேஸா? டன் விலையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கணக்கு

"கரி டன் என்ன விலைக்கு வருது?" பாய்லர் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் அது, "கரியிலேயே ஓட்டலாமா, வேறு எதற்காவது மாறிவிடலாமா?" என்பதில் வந்து நிற்கும். இரண்டாவது நல்ல கேள்வி. முதல் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் தேடுவதுதான் வம்பு.

இதில் ரொம்பத் திண்டாடுவது மணிக்கு 2 முதல் 10 டன் வரை நீராவி எடுக்கும் நடுத்தர ஆலைகள்தான். அனல்மின் நிலையம் என்றால் எரிபொருள் கணக்குப் பார்க்கத் தனித் துறையே இருக்கும். நடுவில் இருப்பவருக்குத் தரகர் சொல்வதும் பக்கத்து ஆலைக்காரர் சொல்வதும்தான் கணக்கு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கரி என்று நான் சொல்வது நிலக்கரியை. லிக்னைட் இளம் நிலக்கரி, பிரிக்கெட் மரத்தூள் போன்ற கழிவை அழுத்திய கட்டை. ஃபர்னஸ் ஆயிலை (பாய்லரில் எரிக்கும் கனமான எண்ணெய்) சேர்க்கவில்லை. என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் அதிலிருந்து வெளியே வரத்தான் வழி தேடினார்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

நாம் வாங்குவது கரி, நமக்கு வேண்டியது நீராவி. ஆகவே முதல் அளவுகோல், ஒரு டன் நீராவிக்கு எவ்வளவு எரிபொருள் போகிறது என்பது. 60 டிகிரியில் உள்ளே போகும் ஒரு கிலோ தண்ணீரை 10 பார் அழுத்தத்தில் நீராவியாக்க ஏறக்குறைய 600 கிலோகலோரி வேண்டும். எரிபொருளின் கலோரி மதிப்பை பாய்லரின் திறனால் (எரியும் வெப்பத்தில் நீராவிக்குப் போய்ச் சேரும் பங்கு) பெருக்கி 600 ஆல் வகுத்தால், ஒரு கிலோ எரிபொருள் எத்தனை கிலோ நீராவி தரும் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது வரத்து. மழைக்காலத்திலும் வருமா, ஒரே ஆளை நம்பி இருக்க வேண்டுமா? மூன்றாவது உங்கள் லோடு, அதாவது நீராவித் தேவை. 24 மணி நேரமும் ஒரே சீராக ஓடும் ஆலையும், காலையில் பற்றவைத்து மாலையில் அணைக்கும் ஆலையும் ஒரே பதிலுக்கு வர மாட்டா. நான்காவது கைவேலை: இடம், ஆள், சாம்பல், பழுது. ஐந்தாவது புகைபோக்கியில் வெளியே போவது. இதைப் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். பாய்லர் 20, 25 வருடம் உழைக்கும் பொருள். இன்றைய புகை விதி அதுவரை இப்படியே இருக்காது.

| | கறுப்பு நிலக்கரி | லிக்னைட் | பிரிக்கெட் | இயற்கை எரிவாயு |
|---|---|---|---|---|
| கலோரி மதிப்பு (கிலோகலோரி) | கிலோவுக்கு 5,500 | கிலோவுக்கு 2,800 | கிலோவுக்கு 3,800 | கனமீட்டருக்கு 8,500 |
| பாய்லர் திறன் | 75% | 70% | 72% | 88% |
| ஒரு டன் நீராவிக்கு | 145 கிலோ | 306 கிலோ | 219 கிலோ | 80 கனமீட்டர் |
| ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு | 95 கிலோ | 101 கிலோ | சுமார் 100 கிலோ (பயிர் மறுபடி வளர்ந்தால் கணக்கில் சேராது) | 56 கிலோ |
| பற்றவைத்து நீராவி வர | மணிக்கணக்கில் | மணிக்கணக்கில் | கரியைவிடக் கொஞ்சம் சீக்கிரம் | நிமிடக்கணக்கில் |
| சாம்பல் | நிறைய | நடுத்தரம் | மூலப்பொருளைப் பொறுத்தது | இல்லை |

கலோரியும் திறனும் எடுத்துக்காட்டுக்கு நான் வைத்த எண்கள். உங்கள் ஆய்வுச் சீட்டில் (எரிபொருளை ஆய்வகத்தில் சோதித்துத் தரும் அறிக்கை) இருப்பதைப் போட்டு மூன்றாவது வரியை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அந்த வரியை உங்களுக்குக் கிடைக்கும் விலையால் பெருக்கினால் ஒப்பீடு பாதி முடிந்தது. மீதிப் பாதி, சீட்டில் வராத செலவுகள்.

## கறுப்பு நிலக்கரி

பழகிய எரிபொருள், அடர்த்தியான வெப்பம். மூடிய கொட்டகையில் ஒரு மாதத்துக்கு வாங்கிக் குவித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். குழாயை யாரும் மூடிவிட முடியாது. சீரான பெரிய லோடுக்கு இதை அடித்துக்கொள்ள இன்றும் அதிகம் இல்லை. ஆனால் "கரி" என்ற ஒரே பெயரில் விற்கும் சரக்குகளுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

முதலில் சீட்டைப் படிக்கும் விதம். "6,000 கலோரி" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சின்னதாக "காற்றில் உலர்த்திய நிலையில்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வகத்தில் 5 சதவீத ஈரத்தோடு அளந்த கரி, உங்கள் வாசலுக்கு 18 சதவீத ஈரத்தோடு வருகிறது என்று வையுங்கள். 6,000-ஐ 82 ஆல் பெருக்கி 95 ஆல் வகுத்தால் 5,179. எடைமேடையில் ஏறுவது ஈரக் கரி, நீங்கள் காசு கொடுப்பது உலர்ந்த கரிக்கு. யாரும் ஏமாற்றவில்லை. சீட்டில் எல்லாம் உண்மைதான். ஆனாலும் லாரிக்கு லாரி 14 சதவீதம் போகிறது. ஒப்பந்தத்தில் "வந்து சேர்ந்த நிலையில்" என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கல். கரியோடு கல் வருவதற்கு லாரிக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் அது சுரங்கத்திலேயே கலந்தது. நிலக்கரிப் படிவம் ஒரே கறுப்புப் பாளமாகப் படுத்திருப்பதில்லை. நடுநடுவே களிமண் பாறைப் பட்டைகள் ஓடும். திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண்ணை வெடிவைத்து அகற்றிவிட்டுப் பெரிய இயந்திரங்கள் வாரி எடுக்கும்போது, கையகலப் பட்டையை எல்லாம் ஒதுக்கிக்கொண்டிருக்க முடியாது. மேல் கல்லும் அடிக் கல்லும் சேர்ந்தே வரும். அதற்குப் பதிலாக, இருக்கிற கரியில் 90 சதவீதம் வரை எடுத்துவிடலாம். நிலத்தடியில் தூண்களை விட்டுவிட்டு அறை அறையாகக் குடையும் பழைய முறையில் பாதியளவு கரி கூரையைத் தாங்கிக்கொண்டு உள்ளேயே நின்றுவிடும். எங்கே, எந்த முறையில் வெட்டிய கரி என்று விற்பவரிடம் கேட்பது வீண் கேள்வி இல்லை. பதில் உங்கள் சாம்பல் குழியில் தெரியும்.

கையிலேயே ஒரு சோதனை பண்ணலாம். குவியலிலிருந்து ஒரே அளவில் இரண்டு கட்டிகளை எடுங்கள். இரண்டும் கறுப்பு. ஒன்று அளவுக்கு மீறிக் கனத்தால் அது கருங்களிப் பாறை. கரியின் அடர்த்தி தண்ணீரைப்போல ஒன்றேகால், ஒன்றரை மடங்குதான். பாறை இரண்டு மடங்கைத் தாண்டும். சுத்தியால் தட்டினால் கரி கண்ணாடிபோல மின்னும் முகங்களோடு உடையும், பாறை தகடு தகடாகப் பிரியும். இறங்கும் லாரியில் பத்து இடத்தில் இப்படி எடுத்துப் பார்த்தால் போதும், ஆய்வுச் சீட்டு வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

மலிவுக் கரி எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். மணிக்கு 5 டன் நீராவி, 24 மணி நேர ஓட்டம். 5,500 கலோரி, 20 சதவீதச் சாம்பல் உள்ள கரி என்றால் நாளுக்கு 17.4 டன் கரி, 3.5 டன் சாம்பல். அதே ஆலைக்கு 4,000 கலோரி, 38 சதவீதச் சாம்பல் உள்ள கரியை வாங்கினால் நாளுக்கு 24 டன் கரி, 9 டன்னுக்கு மேல் சாம்பல். அந்த 9 டன்னுக்கும் கரி விலை கொடுத்திருக்கிறீர்கள், லாரி வாடகை கொடுத்திருக்கிறீர்கள், கன்வேயரில் ஏற்ற மின்சாரம் கொடுத்திருக்கிறீர்கள். இப்போது வெளியே கொண்டுபோகவும் கொடுக்க வேண்டும். செங்கல் சூளையோ சிமென்ட் ஆலையோ சாம்பலை எடுத்துக்கொண்டால் அதிர்ஷ்டம். ஆனால் சாம்பல் கறுப்பாக இருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். கறுப்பாக இருக்கிறது என்றால் எரியாத கரியும் சேர்ந்து வெளியே போகிறது என்று அர்த்தம். அப்போது பார்க்க வேண்டியது காற்றையும் தூளின் அளவையும். தூள் அதிகமானால் பாதி, கரி எரியும் இரும்புத் தட்டியின் கீழே கொட்டும், மீதி புகையோடு பறக்கும்.

இரும்பும் சுண்ணாம்பும் அதிகம் உள்ள சாம்பல் சீக்கிரம் இளகும். அது தட்டியில் ஒட்டிக் கிளிங்கர் என்ற கெட்டிக் கட்டியாக இறுகிவிட்டால் கடப்பாரையோடு ஆள் நிற்க வேண்டியதுதான். கந்தகம் வேறு வகைத் தொல்லை. புகையை 130 டிகிரிக்குக் கீழே குளிரவிட்டால் எகனாமைசர் (புகையின் மிச்சச் சூட்டில் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும் பகுதி) குழாய்களில் அமிலம் துளிர்த்து அரிக்கத் தொடங்கும். அதற்குப் பயந்து புகையைச் சூடாகவே விட்டால் திறன் குறையும். எஃகு ஆலைக்கான கோக்கிங் கரி மிச்சமாகி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலும் தட்டியே நகர்ந்து கரியை உள்ளே கொண்டுபோகும் ஓடும் தட்டி பாய்லரில் போட்டுவிடாதீர்கள். சூட்டில் இளகி, உப்பி, அடை மாதிரி ஒட்டிக்கொள்வதுதான் அதன் குணம். காற்று மேலே ஏறாது.

பில்லில் வராத பெரிய செலவு சுரங்கத்தின் பக்கம் இருக்கிறது. நிலக்கரியில் அடைபட்டிருக்கும் மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். அதோடு கரித்தூசியும் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 1906-இல் பிரான்சின் கூரியேர் சுரங்கம் காட்டியது. செத்தவர்கள் 1,099 பேர். 1966-இல் வேல்ஸின் ஆபர்ஃபானில் சுரங்கக் கழிவு மேடு மழையில் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்ததில் 116 குழந்தைகள் உட்பட 144 பேர் போனார்கள். பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியாவில் 1962-இல் பிடித்த நிலத்தடித் தீ ஊரையே காலி பண்ணிவிட்டு இன்னும் எரிகிறது. இந்தச் செலவு கரி வாங்குபவர் தலையில் இதுவரை விழவில்லை. ஆனால் காற்று அந்தப் பக்கம்தான் வீசுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே கார்பனுக்கு விலை வைத்துவிட்டது. நிலக்கரியால் தொழில் வளர்த்த பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பரில் மூடிவிட்டது. ஏற்றுமதிக்குச் சரக்கு பண்ணுகிறவர்கள் இதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

## லிக்னைட்

இளம் நிலக்கரி. தோண்டி எடுக்கும்போது இதில் 30 முதல் 60 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். மூன்று லாரி வந்தால் ஒரு லாரியாவது தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிப் புகைபோக்கியில் அனுப்பும் வேலையும் உங்கள் நெருப்புக்குத்தான். நெய்வேலியிலும் ஜெர்மனியின் ரைன் பகுதியிலும் சுரங்கத்தை ஒட்டியே மின்நிலையம் கட்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்: தூரம் கொண்டுபோனால் கட்டாது. லிக்னைட்டுக்கு வாடகைதான் நிஜ விலை.

இன்னொன்று, தானே பற்றிக்கொள்வது. கறுப்புக் கரியும் இதைச் செய்யும், லிக்னைட் இதில் ரொம்ப மோசம். காற்றிலுள்ள ஆக்சிஜனை மெதுவாக உறிஞ்சிச் சூடேறும். குவியல் தளர்வாக இருந்தால் காற்று உள்ளே போகும், ஆனால் சூடு வெளியே வராது. மழை விட்ட மறுநாள் விடியற்காலையில் குவியலைச் சுற்றி வந்தால் தெரியும். எல்லா இடமும் ஈரமாக இருக்க, ஓரத்தில் ஒரு முழம் மட்டும் உலர்ந்து வெளுத்திருக்கும். அதன் மேல் மெல்லிய ஆவி, மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. அங்கே ஒரு நீளக் கம்பியைச் செருகிக் கால் மணி நேரம் விட்டு உருவி, நுனியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது, பாய்லர் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் பழைய ஃபயர்மேன்களின் வழக்கம். கை வைக்க முடியவில்லை என்றால் அந்தப் பகுதியை வெட்டி இழுத்துத் தரையில் பரப்பி ஆறவிட வேண்டும். மேலே தண்ணீரை மட்டும் அடித்துவிட்டுப் போனால் உள்ளே எரிவது எரிந்துகொண்டே இருக்கும். குவியலை உயரமாக ஏற்றாமல், அழுத்தி, பழையதை முதலில் எடுத்தால் இந்தத் தொல்லை பெரிதும் வராது. ஆனால் அதற்கு இடமும் ஒழுங்கும் வேண்டும்.

சுரங்கம் பக்கத்தில் இருக்கிறது, மிதவைப் படுகை பாய்லர் (கீழிருந்து அடிக்கும் காற்றில் சூடான மணல் மிதக்க, அதில் எரிபொருள் எரியும் வகை) இருக்கிறது, ஒரு வாரத்துக்கு மேல் குவிக்க வேண்டியதில்லை என்றால் லிக்னைட் நல்ல தேர்வு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் யோசிப்பேன்.

## பிரிக்கெட்

மரத்தூள், கடலைத்தோல், கரும்புச்சக்கை போன்றவற்றை அழுத்திக் கட்டையாக்கியது. கந்தகம் மிகக் குறைவு, கரி பாய்லரில் பெரிய மாற்றம் இல்லாமல் போடலாம், கார்பன் கணக்கு கேட்கும் வாடிக்கையாளருக்கு நல்ல பதில். கரியிலிருந்து மாற நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். பார்க்க வேண்டியதும்தான்.

சிக்கல், இது விவசாயத்தின் எச்சம் என்பதில் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் வேண்டிய அளவு கிடைக்கும், ஆறு மாதம் கழித்து விலை ஏறும், தரம் இறங்கும். கட்டையில் மண் சேர்ந்திருக்கும். எடைக்கு விற்கும் பொருள் அல்லவா. வைக்கோல் மாதிரி மூலப்பொருள்களில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். பொட்டாசியம் சாம்பலைக் குறைந்த சூட்டிலேயே இளக்கும். மிதவைப் படுகையில் மணல் கட்டிதட்டி நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். குளோரின் குழாய்களை அரிக்கும். உமியைத் தனியாக எரிப்பவர்களுக்கு வேறு பாடு. அதன் சாம்பலில் 90 சதவீதம் சிலிக்கா, குழாய் வளைவுகளை மணல்தாள் மாதிரி தேய்த்துவிடும்.

மழையில் ஒரு மூட்டை பிரிக்கெட்டை வெளியே விட்டுப் பாருங்கள். மறுநாள் கட்டை இருக்காது, ஊறிய தூள்தான் இருக்கும். கரி நனைந்தால் கலோரி குறையும். பிரிக்கெட் நனைந்தால் பிரிக்கெட்டே இல்லை. கூரை போட்ட கிடங்கு, அதுவும் கரிக்கு வேண்டியதைவிடப் பெரியது, இந்த முடிவின் விலையில் சேர வேண்டும். தீப்பற்றும் அபாயத்துக்கான காப்பீடும் அப்படித்தான்.

மூலப்பொருள் வகை வகையாகக் கிடைக்கும் இடத்தில், இரண்டு மூன்று பேரிடம் வாங்க முடிகிறவர்களுக்கு இது பொருந்தும். கரியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஓட்டிப் பார்த்து மாறுவது உத்தமம்.

## எரிவாயு

சாம்பல் இல்லை, கொட்டகை இல்லை, ஃபயர்மேன் முகத்தில் கரி இல்லை. பொத்தானை அழுத்தினால் எரியும், லோடு குறைந்தால் தானே குறையும். கரி பாய்லரில் இரவு முழுக்க நெருப்பை அடக்கி வைத்துக் காலையில் கிளப்புவதற்குப் போகும் கரியை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓடும் ஆலை அதை ஒரு மாதம் எழுதிப் பார்த்தால், கேஸ் அவ்வளவு அதிக விலையாகத் தெரியாது.

மறைந்த செலவு ஒப்பந்தத்தில் இருக்கிறது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்ச அளவுக்குப் பணம் என்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. ஆர்டர் இல்லாத மாதத்தில் அது உறுத்தும். கரிக்குவியல் காத்திருக்கும், கேஸ் பில் காத்திருக்காது. விலை உலகச் சந்தையோடு ஆடும். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபோது ஐரோப்பிய ஆலைகள் பட்ட பாடு எல்லோரும் பார்த்ததுதான். சுத்தமான எரிபொருள் என்ற பெயரிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எரியாமல் கசியும் மீத்தேன், 20 வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல 80 மடங்கு சூடாக்கும். குழாயில் கசிவு இருந்தால் அட்டவணையில் உள்ள 56 என்ற எண்ணின் பெருமை போய்விடும்.

மின் பாய்லர் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். நிலக்கரி மின்நிலையம் கரியின் வெப்பத்தில் 35 முதல் 40 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கும். அந்த மின்சாரத்தில் கம்பியைச் சூடாக்கி நீராவி எடுத்தால், உங்கள் இடத்தில் எரிய வேண்டிய கரி இரண்டு மடங்காக வேறு எங்கோ எரிகிறது. ஆனால் உங்களுக்கு வேண்டியது 80 டிகிரி வெந்நீர்தான் என்றால் கதை வேறு. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம்கூடத் தரும். நீராவி எடுத்து, அதைக் குழாயில் கொண்டுபோய், தண்ணீர்த் தொட்டியில் விட்டுச் சூடாக்கும் ஆலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவர்களுக்கு எரிபொருள் ஒப்பீடே தேவையில்லை, பாதி நீராவி தேவையில்லை.

## சரி, யாருக்கு எது?

24 மணி நேரச் சீரான லோடு, இடம் இருக்கிறது, புகையின் தூசியைப் பையில் பிடிக்கும் பேக் ஃபில்டர் போட்டாயிற்று என்றால் நல்ல தரக் கரியிலேயே இருங்கள். மலிவுக் கரிக்கு இறங்காதீர்கள். புது பாய்லர் வாங்குவதாக இருந்தால் கரியும் பிரிக்கெட்டும் இரண்டும் எரியும் மிதவைப் படுகை வகையாகப் பாருங்கள். ஃபேன் மின்சாரம் கொஞ்சம் கூடும், ஆனால் எந்த வியாபாரியும் உங்களைக் கட்டிப்போட முடியாது. ஒரே ஷிஃப்ட், ஏறி இறங்கும் லோடு, பக்கத்தில் குழாய் இருக்கிறது என்றால் கேஸ். ஏற்றுமதி வாடிக்கையாளர் கார்பன் கணக்கு கேட்க ஆரம்பித்துவிட்டால் கேஸ் அல்லது பிரிக்கெட். லிக்னைட், சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று நாள் சோதனை ஓட்டம் வையுங்கள். உள்ளே போகும் எரிபொருளை எடை போடுங்கள், பாய்லருக்குள் போகும் தண்ணீரை அளக்கும் ஃபீட் வாட்டர் மீட்டரைக் காலையும் மாலையும் எழுதுங்கள். தண்ணீர் லிட்டரை எரிபொருள் கிலோவால் வகுத்தால் வருவதுதான் உங்கள் ஆலையின் நிஜ எண். முதல் நாளை விட்டுவிடுங்கள், ஃபயர்மேனுக்குப் புது எரிபொருள் கைவர ஒரு நாள் ஆகும். புளோ டவுனில் (பாய்லரில் உப்பு சேராமல் இருக்கத் திறந்துவிடுவது) போகும் தண்ணீரைக் கழிக்க மறக்காதீர்கள். சரக்கு விற்பவரின் ஆள் பக்கத்தில் நின்றுகொண்டு அதை மட்டும் உங்களுக்கு ஞாபகப்படுத்த மாட்டார்.